24 மெகாபிக்சல் கேமராவில் பிக்சல் எங்கே இருக்கிறது?

ஆரணியில் பட்டுப்புடவை கேட்லாக் படம் எடுக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணா, என் கேமரா 24 மெகாபிக்சல், ஏபிஎஸ்-சி சென்சார். 'அதுல நிஜமான கலர் பிக்சல் 6 மில்லியன்தான், மீதி கேமரா இட்டுக்கட்டினது'ன்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் மூணால வகுத்து 8-ன்னு சொல்றார். வேலூர்ல போன் கடையில கேட்டா 50 மெகாபிக்சல் போன் இதைவிட மேலாம். சென்சார்ல இருக்கிற பிக்சலும் போட்டோவுல இருக்கிற பிக்சலும் ஒண்ணா, வேறயா? மெல்லிசு கோடு போட்ட புடவையில வானவில் மாதிரி பட்டை விழுதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?"

வேறுதான். சென்சாரில் இருப்பது ஒளியை அளக்கும் ஒரு துளிக் கருவி. அதற்கு நீள அகலம் உண்டு, நிறம் தெரியாது. கோப்பில் இருப்பது நிறத்தைச் சொல்லும் மூன்று எண்கள். அதற்கு நிறம் உண்டு, நீள அகலம் கிடையாது. இரண்டின் எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக வந்துவிடுவதால் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டது. 6, 8, 24, 50 என்ற வாய்ச்சண்டை எல்லாம் அந்த ஒட்டலில் பிறந்ததுதான். வானவில் பட்டைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைக் கடைசியில் கணக்குப் போட்டே பார்க்கலாம்.

முதலில் பெயர்கள். 'பிக்சல்' என்ற சொல் அச்சில் வந்தது 1965-இல். அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் விண்கலப் படங்களைக் கையாண்ட ஃபிரெட் பில்லிங்ஸ்லி பயன்படுத்தினார். பிக்சர் எலிமென்ட் என்பதன் சுருக்கம். அதாவது படத்தின் உறுப்பு. சென்சாரின் உறுப்பைக் குறிக்கத் துறைக்காரர்கள் 'போட்டோசைட்' என்றும் 'சென்செல்' என்றும் சொல்வார்கள். விளம்பரத் தாளில் இந்த இரண்டு சொல்லும் வராது, எல்லாமே பிக்சல்தான். தமிழில் பிக்சலுக்குப் படப்புள்ளி என்று எழுதுகிறோம், சரி. போட்டோசைட்டுக்கு நிலைத்த தமிழ்ச்சொல் இல்லை. இந்தப் பதில் முழுக்க சென்சாரில் இருப்பதை 'ஒளிக்கட்டம்' என்றும், கோப்பில் இருப்பதை 'பிக்சல்' என்றும் எழுதுகிறேன்.

ஒரு ஒளிக்கட்டத்தை மேலிருந்து கீழே பிரித்துப் பார்த்தால், உச்சியில் ஒரு குட்டி லென்ஸ், அதன் கீழே ஒரு நிறவடிகட்டி, அதற்கும் கீழே சிலிக்கான் போட்டோடையோடு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் வடிகட்டியைத் தாண்டி வரும் ஒளித்துகள்கள் சிலிக்கானில் எலக்ட்ரான்களை விடுவிக்கும். அவை சேர்ந்துகொண்டே போகும். நேரம் முடிந்ததும் சேர்ந்த மின்னூட்டம் மின்னழுத்தமாகி, அதிலிருந்து ஓர் எண்ணாகும். 14 பிட் கேமராவில் 0 முதல் 16,383 வரை ஏதோ ஓர் எண். ஒரு கட்டத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். சிவப்பு வடிகட்டி போட்ட கட்டம் 'இது சிவப்பு' என்று சொல்வதில்லை. 'என் வடிகட்டியைத் தாண்டி இவ்வளவு வந்தது' என்று மட்டும் சொல்கிறது. மங்கலான வெளிச்சத்தில் இருக்கும் வெள்ளைத் துணியும் நல்ல வெளிச்சத்தில் இருக்கும் அரக்குத் துணியும் அந்தக் கட்டத்தில் ஒரே எண்ணைத் தரலாம். எது எது என்று பிரித்துச் சொல்ல அக்கம்பக்கத்துக் கட்டங்களின் சாட்சி வேண்டும்.

உங்கள் ஏபிஎஸ்-சி அளவுச் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். அதில் 6000 கட்டம் என்றால் ஒன்றுக்கு 3.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விவரத்தாளில் 'பிக்சல் அளவு 3.9 மைக்ரான்' என்று போட்டிருப்பது இதைத்தான். உண்மையில் அது ஒரு கட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த கட்டத்தின் நடுவுக்கு உள்ள தூரம். கோப்பில் உள்ள பிக்சலுக்கு மைக்ரானும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. அது போனில் தெரியும்போது ஓர் அளவு, ஃபிளெக்ஸில் அடிக்கும்போது வேறு அளவு.

வடிகட்டிகள் எந்த வரிசையில் இருக்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1975-இல் விண்ணப்பித்து 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பையே இன்றும் பெரும்பாலான கேமராக்கள் வைத்திருக்கின்றன. இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம் எடுத்தால் அதில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். 24 மில்லியனில் 12 மில்லியன் பச்சை, 6 மில்லியன் சிவப்பு, 6 மில்லியன் நீலம்.

இதைக் கோலம் போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். பச்சைக் கட்டங்களை மட்டும் தனியே பார்த்தால் அது ஊடுபுள்ளி: ஒவ்வொரு வரிசையிலும் புள்ளி உண்டு, ஆனால் அடுத்த வரிசையில் இரண்டு புள்ளிக்கு நடுவே விழும். சிவப்பை மட்டும் பார்த்தால் நேர்ப்புள்ளி: ஒன்று விட்டு ஒரு வரிசையில், ஒன்று விட்டு ஓர் இடத்தில். நீலமும் அப்படியே, சிவப்பு விட்ட வரிசைகளில். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வாசல் நிறைந்துவிடும். ஃபியூஜி கேமராக்களின் எக்ஸ்-டிரான்ஸ் சென்சாரில் வேறு கோலம்: ஆறுக்கு ஆறு, 36 கட்டத்தில் 20 பச்சை, 8 சிவப்பு, 8 நீலம்.

இந்தக் கோலத்திலிருந்து பிக்சல் எப்படிப் பிறக்கிறது? அந்த வேலைக்குப் பெயர் டீமொசைக்கிங். எளிய முறையை எண்களோடு பார்ப்போம். ஒரு சிவப்புக் கட்டம் 120 என்று காட்டுகிறது என்று வையுங்கள். அதன் மேல், கீழ், இடம், வலம் நான்கும் பச்சை: 80, 84, 82, 78. சராசரி 81. நான்கு மூலைகளும் நீலம்: 40, 44, 42, 46. சராசரி 43. அந்த இடத்துப் பிக்சல் 120, 81, 43 என்று எழுதப்படும். ஆம்பூர்த் தோல்செருப்பின் பழுப்பு. மூன்றில் ஓர் எண் அளந்தது, இரண்டு எண் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதியது.

சமமான பரப்பில் இது பிசகாது. விளிம்பு வந்தால்தான் தகராறு. அதே சிவப்புக் கட்டத்தின் இடப்பக்கப் பச்சை 20, வலப்பக்கம் 140, மேலே 118, கீழே 122 என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சராசரி 100. ஆனால் மேலும் கீழும் 4-தான் வித்தியாசம், இடவலத்தில் 120 வித்தியாசம். அதாவது அங்கே செங்குத்தாக ஒரு விளிம்பு ஓடுகிறது. நல்ல மென்பொருள் இதைக் கவனித்து மேல்கீழை மட்டும் எடுத்து 120 என்று போடும். ஒரே ரா கோப்பை (சென்சார் தந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இரண்டு மென்பொருளில் திறந்தால் சரிகை விளிம்பு இரண்டு விதமாகத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சென்சார் தந்த எண்கள் மாறவில்லை, பிக்சல்கள் மாறிவிட்டன.

இப்போது 6, 8 கணக்குக்கு வரலாம். 6 என்பவர் நான்கு கட்டத்தைச் சேர்த்தால்தான் ஒரு முழுநிறம் என்று நினைக்கிறார். 8 என்பவர் மொத்த எண்களை மூன்றால் வகுக்கிறார். இரண்டும் கடைக் கணக்காகச் சரி, படக் கணக்காகத் தப்பு. நுணுக்கத்தை நம் கண் பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டிலிருந்து எடுக்கிறது, வெளிச்சத்தில் பெரும்பங்கு பச்சையிடம் இருக்கிறது. ஊடுபுள்ளியில் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு நெடுக்கிலும் பச்சை இருப்பதால், செங்குத்துக்கோட்டுக்கும் படுக்கைக்கோட்டுக்கும் பச்சையின் பிரித்தறியும் எல்லை 24 மில்லியனுக்கு உரிய எல்லையை ஒட்டியே வரும். மூலைவாட்டக் கோட்டில் கொஞ்சம் அடி வாங்கும். நிற நுணுக்கம்தான் நீளத்திலும் அகலத்திலும் பாதி பாதியாகக் குறைகிறது. எனவே உங்கள் படம் வெளிச்ச நுணுக்கத்தில் 24-க்கு நெருக்கம், நிற நுணுக்கத்தில் 6-க்கு நெருக்கம். ஒரே எண்ணில் சொல்லச் சொன்னால் சொல்ல முடியாது. 'இட்டுக்கட்டியது' என்ற சொல்லும் கொஞ்சம் அநியாயம். அளந்த எண்களிலிருந்து முறைப்படி ஊகித்தது என்பதே சரி.

நம்ப முடியவில்லை என்றால் கோப்பின் எடையைப் பாருங்கள். 24 மில்லியன் கட்டம், தலைக்கு 14 பிட்: சுருக்காத ரா கோப்பு 42 எம்பி. அதே படத்தை 8 பிட் டிஃப் என்ற படக்கோப்பாக ஆக்கினால் பிக்சலுக்கு மூன்று பைட், 72 எம்பி. 16 பிட் டிஃப் என்றால் 144 எம்பி. ரா கோப்பில் இல்லாத எண்கள் டீமொசைக்கில் சேர்ந்தன.

கண்ணாலேயே பார்க்கவும் வழி உண்டு. ராதெரபி என்ற இலவச மென்பொருளில் உங்கள் ரா கோப்பைத் திறந்து, ரா பகுதியில் டீமொசைக்கிங் முறையை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்று மாற்றி, 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்குங்கள். வழவழப்பாகத் தெரிந்த சிவப்புப் புடவை சதுரங்கப் பலகை மாதிரி ஆகிவிடும்: ஒரு கட்டம் பளிச்சென்றும் சுற்றியுள்ளவை மங்கியும் இருக்கும். வெள்ளைச் சுவரில் வேறுபாடு குறையும், அரக்கிலும் மயில் நீலத்திலும் கூடும். ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தப் பாடம் மறக்காது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீமொசைக் முடிந்த பிறகும் பிக்சல்கள் அந்தந்த இடத்திலேயே நிற்பதில்லை. லென்ஸின் வளைவைக் கேமரா திருத்தினால், படத்தை நீங்கள் ஒரு டிகிரி சாய்த்து நேராக்கினால், எல்லாப் பிக்சலும் புதிதாகக் கணக்கிடப்படும். ஜேபெக் ஆக்கும்போது பெரும்பாலும் நிறத்தகவல் பாதியாகவோ நான்கில் ஒரு பங்காகவோ குறைக்கப்பட்டு, எட்டுக்கு எட்டுத் துண்டங்களாகச் சுருக்கப்படும். 'இந்தப் பிக்சல் சென்சாரின் எந்தக் கட்டம்?' என்ற கேள்விக்கு ஜேபெக்கில் விடை கிடையாது.

விளம்பரத் தாளிலேயே மூன்று எண் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிக்கான் டி850-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 46.89 மில்லியன், பயனுறு அளவு 45.7 மில்லியன், கோப்பில் கிடைப்பது 8256 × 5504, அதாவது 45.4 மில்லியன். முதல் எண் சென்சாரில் உள்ள எல்லாக் கட்டங்களும். அவற்றில் ஓரத்தில் இருப்பவை சில வெளிச்சமே படாமல் மூடப்பட்டவை. வெளிச்சம் இல்லாதபோது கட்டம் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து அதைக் கழிப்பதற்காக. கறுப்பு உண்மையான கறுப்பாக வருவது இவற்றால்தான். இரண்டாவது எண் படத்துக்குப் பங்களிக்கும் கட்டங்கள். மூன்றாவதுதான் பிக்சல். ஓரத்துக் கட்டத்துக்கு ஒரு பக்கம் அண்டை வீடு இல்லாததால் டீமொசைக் சரியாக நடக்காது. அதனால் சில வரிசைகளை வெட்டிவிடுவார்கள்.

எண்ணிக்கை ஏறக்குறைய சமம் என்றேன் அல்லவா, அது பேயர் கேமராக்களுக்குத்தான். சமமில்லாத இடங்களில்தான் இரண்டு சொல்லின் அவசியம் புரியும். கேனான் 70டி, 2013-இல் வந்தது, 20.2 மெகாபிக்சல். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு போட்டோடையோடு, குட்டி லென்ஸ் மட்டும் ஒன்று. டையோடுகளை எண்ணினால் 40 மில்லியன். ஆனால் கேனான் அதை 40 மெகாபிக்சல் என்று விற்கவில்லை: இரண்டின் வித்தியாசம் ஃபோகஸுக்கு, கூட்டுத்தொகை படத்துக்கு. ஃபியூஜி எஸ்3 புரோ இதற்கு நேர்மாறு. அதில் 6.17 மில்லியன் பெரிய டையோடும், பக்கத்திலேயே 6.17 மில்லியன் சின்ன டையோடும். சின்னது வெண்பட்டு வேட்டியின் வெளுத்துப்போன பகுதியைக் காப்பாற்றுவதற்கு. அதை 12.3 மெகாபிக்சல் என்றே விளம்பரம் செய்தார்கள், இரண்டு டையோடும் ஏறக்குறைய ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன என்றாலும். சிக்மா எஸ்டி14-இல் மூன்று அடுக்கு: ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக மூன்று நிறமும் அளக்கப்படும். 2640 × 1760 இடம், மூன்றால் பெருக்கி 14 மெகாபிக்சல் என்றார்கள். கோப்பில் வருவது 4.6 மில்லியன் பிக்சல். அந்த 4.6-இல் எதுவும் அண்டை வீட்டில் கேட்டதில்லை என்பது அவர்கள் தரப்பு நியாயம். ஆனாலும் 14 என்று எழுதியது, என் பார்வையில், வாங்குபவரைக் குழப்பியது.

போன் கடைக்காரரின் 50 மெகாபிக்சலும் இந்த வகைதான். அந்தச் சென்சாரில் சுமார் 8160 × 6120 கட்டம் உண்மையாகவே இருக்கின்றன. ஆனால் பெரும்பாலானவற்றில் நிறவடிகட்டி நான்கு கட்டத்துக்கு ஒன்றாகப் போர்த்தப்பட்டிருக்கும். நான்கு பச்சை, நான்கு சிவப்பு என்று கூட்டமாக நிற்கும். சோனி 2018-இல் அறிவித்த 48 மெகாபிக்சல் ஐஎம்எக்ஸ்586 இந்த அமைப்பைப் பரவலாக்கியது. சாதாரணமாக நீங்கள் எடுக்கும்போது நான்கையும் கூட்டி ஒன்றாக்கி 12.5 மில்லியன் பிக்சல் கோப்பைத் தருகிறது. 200 மெகாபிக்சல் போனில் பதினாறைக் கூட்டும், அங்கும் 12.5-தான். முழு 50-ஐத் தரும் முறையும் உண்டு. நல்ல வெயிலில் அதில் கொஞ்சம் கூடுதல் நுணுக்கம் கிடைக்கும், கல்யாண மண்டபத்து டியூப் லைட்டில் இரைச்சல்தான் (படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள்) கூடும். ஒரு மைக்ரான் கட்டத்தின் பரப்பு 1 என்றால் உங்கள் 3.9 மைக்ரான் கட்டத்தின் பரப்பு 15-க்கு மேல். லென்ஸின் எஃப் எண்ணும் (துளைத் திறப்பைச் சொல்லும் எண்) ஷட்டர் நேரமும் ஒன்றாக இருந்தால், ஒரு கட்டத்துக்கு விழும் ஒளியும் அதே விகிதம். போன் இந்தக் குறையைப் பல படங்களை அடுக்கி ஈடுகட்டுகிறது. அது நல்ல தந்திரம்தான், ஆனால் அதைச் செய்வது மென்பொருள். மெகாபிக்சலுக்கு அதில் வேலை இல்லை.

கேமராவின் பின்திரையில் '10.4 லட்சம் டாட்' என்று போட்டிருப்பதையும் பிக்சல் என்று எண்ணிவிடாதீர்கள். திரையில் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்புள்ளிகளைத் தனித்தனியே எண்ணுகிறார்கள். 720 × 480 = 3,45,600 பிக்சல்; மூன்றால் பெருக்கினால் 10,36,800. வியூஃபைண்டரின் 23.6 லட்சம் டாட் என்பது 1024 × 768 பிக்சல். சென்சாரில் ஒற்றை நிறக் கட்டத்தைப் பிக்சல் என்கிறார்கள், திரையில் ஒற்றை நிறப் புள்ளியை டாட் என்கிறார்கள். இந்தத் தொழிலில் ஒழுங்கு எதிர்பார்க்கக் கூடாது.

ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும் இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில், பழைய வட ஆற்காட்டின் காவலூரில், வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. வானியலில் வழக்கமாகப் பயன்படும் சிசிடி என்ற வகைச் சென்சார்களில் நிறக்கோலம் கிடையாது. நிறம் வேண்டுமென்றால் சென்சார் முழுமைக்கும் முன்னால் ஒரு வடிகட்டியை நிறுத்தி எடுப்பார்கள், பிறகு அடுத்த வடிகட்டி. ஒரு கட்டம், ஓர் எண், ஒரு பிக்சல். ஊகம் இல்லை. அங்கே பிக்சலுக்கு அளவும் உண்டு, ஆனால் வானத்தில்: அந்தத் தொலைநோக்கியின் முதன்மைக் குவியத்தில் (எஃப் 3.25) குவியத்தூரம் சுமார் 7.6 மீட்டர், அதனால் ஒரு மில்லிமீட்டருக்கு 27 விகலை (விகலை என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு). 24 மைக்ரான் கட்டம் உள்ள சிசிடி வைத்தால் ஒரு பிக்சல் 0.65 விகலை. வானியலாளர்கள் இரண்டையும் பிக்சல் என்றே சொல்லிச் சேதாரம் இல்லாமல் பிழைப்பதற்குக் காரணம் இதுதான். எக்ஸ்ரே தட்டிலும் நிறம் கிடையாது, ஆனாலும் அந்தத் துறையினர் தட்டில் உள்ளதை 'டெல்' அல்லது 'டெக்சல்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். அங்கே தட்டின் இடைவெளிக்கும் நோயாளியின் எலும்பு மட்டத்தில் அது குறிக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம்.

சொற்குழப்பத்தால் காசு போகும் இடம் ஒன்று உண்டு: 'பிக்சல் செத்துப்போச்சு' என்று கேமராவைச் சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு போவது. செத்தது சென்சாரின் கட்டமா, திரையின் புள்ளியா என்று முதலில் பாருங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஒரு படம் 1/60 நொடியிலும் இன்னொன்று 10 நொடியிலும் எடுங்கள். கணினியில் 100 விழுக்காட்டில் பாருங்கள். கணினியில் ஒன்றும் இல்லை, கேமரா திரையில் மட்டும் புள்ளி இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கி நகர்த்தினாலும் அது நகரவில்லை என்றால் அது திரைப்புள்ளி. படத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. 10 நொடிப் படத்தில் மட்டும் வந்தால் சூடான கட்டம்; இரண்டிலும் ஒரே இடத்தில் வந்தால் மாட்டிக்கொண்ட கட்டம். வேலூருக்கு வெயிலூர் என்று சும்மா பெயர் வைக்கவில்லை: ஒளியே இல்லாமல் ஊறும் மின்னோட்டம் சுமார் 6 முதல் 8 டிகிரி ஏறும்போதெல்லாம் இரட்டிப்பாகும். கத்திரியில் காரில் கிடந்த கேமராவில் மார்கழியில் இல்லாத புள்ளிகள் தெரிவது இயல்பு. வானியல் சிசிடிக்களைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைப்பதும் இதற்காகத்தான்.

கெட்டது ஒரே ஒரு கட்டமாக இருந்தாலும் ஜேபெக்கில் அது ஒரு புள்ளியாக வராது. மூன்றுக்கு மூன்று, சில சமயம் ஐந்துக்கு ஐந்து பிக்சல் அளவில், சிவப்பாகவோ நீலமாகவோ ஒரு சிலுவையாக வரும். அண்டை வீட்டார் எல்லாம் அதனிடம்தானே கேட்டு எழுதினார்கள். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் ரா கோப்பில் டீமொசைக்குக்கு முன்பே அதைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிடும். 'ராவில் இல்லை, ஜேபெக்கில் இருக்கிறது' என்ற மர்மம் அதுதான். பிக்சல் மேப்பிங் என்ற மெனு உங்கள் கேமராவில் இருந்தால் ஒரு முறை ஓட்டுங்கள். கெட்ட கட்டத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டு இனி அதைக் கேட்காமல் விட்டுவிடும்.

அச்சு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தோல் ஏற்றுமதிக்காரர்கள் '300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) படம் அனுப்புங்கள்' என்பார்கள். 6000 × 4000 கோப்பில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் அது அதே 24 மில்லியன் பிக்சல்தான். அந்த எண் அச்சுக்கான குறிப்பு, அவ்வளவே. எத்தனை அங்குலத்துக்கு என்று கேளுங்கள். 300 வீதம் உங்கள் கோப்பு 20 × 13.3 அங்குலம் தாங்கும். கல்யாண ஆல்பத்தின் 12 × 36 தாள் முழுவதும் ஒரே படத்தை விரிப்பதாக இருந்தால், மூன்றுக்கு ஒன்றாக வெட்டும்போது 6000 × 2000 மிஞ்சும், அங்குலத்துக்கு 167. கையில் வைத்துப் பார்க்கும்போது மென்மையாகத் தெரியும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஃபிளெக்ஸ் பேனருக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பவர் கண் அங்குலத்துக்குச் சுமார் 29 பிக்சலுக்கு மேல் பிரிக்காது. பத்தடி பேனருக்கு 3600 பிக்சல் அகலமே போதும்.

இனி உங்கள் புடவை. முந்தானையை விரித்து நீளவாக்கில் 1.2 மீட்டர் படத்தில் அடங்கும்படி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 6000 கட்டம், ஆக ஒரு கட்டத்துக்குத் துணியில் 0.2 மில்லிமீட்டர். ஒரு கோட்டு வரிசையை அடையாளம் காண, ஒரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்ந்த அகலத்துக்குக் குறைந்தது இரண்டு மாதிரி வேண்டும். பச்சை ஒவ்வொரு நெடுக்கிலும் இருப்பதால் 0.4 மில்லிமீட்டர் கோடு வரை சமாளிக்கும். சிவப்பும் நீலமும் ஒன்று விட்டு ஒன்று. அவற்றின் இடைவெளி 0.4, ஆகவே 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அவற்றுக்குக் கோடு பிடிபடாது, இல்லாத வேறு அகலமான பட்டையைக் காட்டும். உங்கள் புடவையின் கோடு 0.5 மில்லிமீட்டர் என்றால் பச்சை ஒழுங்காகச் சொல்கிறது, சிவப்பும் நீலமும் பொய்ச்சாட்சி சொல்கின்றன. டீமொசைக் மூன்றையும் சேர்த்து எழுதும்போது நிறம் பிசகி வானவில் விழுகிறது. துணியில் இல்லாத, கட்டங்களும் கோலமும் சேர்ந்து உண்டாக்கிய நிறம்.

பாதித் தூரம் நெருங்கி 60 சென்டிமீட்டர் மட்டும் அடங்கும்படி எடுத்தால் ஒரு கட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டர், சிவப்பின் எல்லை 0.4-க்கு வந்துவிடும், 0.5 கோடு தப்பித்துக்கொள்ளும். இரண்டு மூன்று துண்டாக எடுத்து ஒட்டுங்கள். கேட்லாகுக்கு இதுதான் சரியான வழி. ஒரே படமாகத்தான் வேண்டும் என்றால் லென்ஸின் துளையைச் சுருக்குங்கள்: எஃப் 16-இல் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து ஒரு புள்ளி சுமார் 21 மைக்ரான் விட்டமுள்ள வட்டமாகப் பரவும், ஐந்து கட்டத்துக்கும் மேல். 0.5 கோடு ஏறக்குறையக் கரைந்துவிடும், வானவிலும் போகும். சரிகையின் கூர்மையும் சேர்ந்தே போகும். எஃப் 11-இல் பட்டை குறையும், முற்றாகப் போகாது. துணியைச் சற்றுச் சாய்த்தோ திருப்பியோ எடுத்தால் பட்டையின் வடிவம் மாறும், சில கோணங்களில் அடங்கும். எடுத்து முடித்த பிறகு ரா மென்பொருளின் மோரே தூரிகையால் (மோரே என்பது இந்த வானவில் பட்டையின் பெயர்) நிறத்தை மட்டும் துடைக்கலாம். அரக்கு, பச்சை என்று நிறம் கலந்த கரையில் அது உண்மை நிறத்தையும் சேர்த்து அழித்துவிடும், பார்த்துச் செய்யுங்கள். படத்தைப் பின்னால் சிறிதாக்குவதால் தீராது. பொய்ச்சாட்சி அகலமான பட்டையாகப் பதிவாகிவிட்டது. சிறிதாக்கினாலும் பட்டை பட்டையாகவே இருக்கும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால், கேமராவின் பின்திரையில் படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். முழுப்படமாகப் பார்க்கும்போது 6000 பிக்சலை 720 பிக்சல் திரையில் அடக்குவதால் திரையே தனக்கென்று ஒரு வானவிலை உண்டாக்கும். பெரிதாக்கியதும் மறைந்தால் அது திரையின் வேலை, கோப்பு சுத்தம். பெரிதாக்கியும் நின்றால் சென்சாரின் வேலை. நெருங்கிப் போய் மறுபடி எடுங்கள்.